6 லட்சம் லோன்ல ஒரு லென்ஸ்: ஸ்போர்ட்ஸ் போட்டோகிராபி ஆசையும் அதோட கணக்கும்



மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஏப்ரல் மாசம், ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு போன். பழைய ஆபீஸ்ல என் டீம்ல இருந்த தம்பி.

"அண்ணா, பேப்பர் போட்டுட்டேன்."

"எந்தக் கம்பெனிக்குப் போறே?"

"கம்பெனி எல்லாம் இல்லண்ணா. கிரவுண்டுக்குப் போறேன். லென்ஸ் வாங்கிட்டேன். ஜூன்லேர்ந்து ஃபுல் டைம் ஸ்போர்ட்ஸ் போட்டோகிராபர்."

ஞாயிற்றுக்கிழமை ஆனா போதும், கேமராவைத் தூக்கிட்டு சென்னையில எங்கேயாவது ஒரு மைதானத்துல நிப்பார். லீக் கிரிக்கெட், ஸ்கூல் கால்பந்து, கபடி எதையும் விடமாட்டார். அதனால எனக்கு ஆச்சரியமா இல்லை. "லென்ஸ் எவ்வளவு?"ன்னு கேட்டேன். "செகண்ட் ஹேண்ட்தான் அண்ணா, நாலரை லட்சம். பாடியும் சேர்த்து ஆறு லட்சம் பர்சனல் லோன்." அப்பதான் எனக்குத் தூக்கம் போச்சு.

14 மாசம் கழிச்சு அந்த லென்ஸை வித்தார். இன்னைக்கு மறுபடியும் ஆபீஸ் வேலையில இருக்கார். ஆனா இது தோத்துப்போனவர் கதை கிடையாது. இப்பவும் ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டுலதான் இருக்கார், போட்டோவுல சம்பாதிக்கவும் செய்றார். நடுவுல என்ன தப்பாச்சுன்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து அவரோட டைரியை வெச்சு கணக்குப் போட்டோம். "பேர் மட்டும் வேணாம் அண்ணா, கணக்கை முழுசா எழுதுங்க, நாலு பேருக்கு உதவட்டும்"னு சொன்னார். அதுதான் இந்தப் பதிவு.

உங்க ஆசை போட்டோகிராபியா இல்லாம இருக்கலாம். பேக்கரி, மியூசிக் ஸ்டுடியோ, டிரக்கிங் கைடு, எதுவா இருந்தாலும் இந்தக் கணக்கோட வடிவம் ஒண்ணுதான்.

முதல்ல, இந்த வேலையில அப்படி என்ன இருக்கு?

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ். 400 மீட்டர் தடை ஓட்டத்துல பி.டி. உஷா வெண்கலத்தைத் தவறவிட்டது ஒரு நொடியில நூறில் ஒரு பங்குல. 55.41-க்கு வெண்கலம், 55.42-க்கு நாலாவது இடம். ஸ்போர்ட்ஸ் போட்டோகிராபர் வழக்கமா வைக்கிற ஷட்டர் ஸ்பீடு நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு. அதாவது, உஷா பதக்கத்தைவிட்ட அந்த இடைவெளியில பத்துல ஒரு பங்கு. மனுஷக் கண்ணுக்குப் பிடிபடாத ஒரு துளி நேரத்தைப் பிடிச்சு "இதோ பாருங்க"ன்னு காட்டற வேலை இது. அந்த போதை ஒரு தடவை தலைக்கேறிட்டா இறங்காது.

தம்பி சொன்ன ஒரு சம்பவம். மூணாவது டிவிஷன் லீக் மேட்ச், பார்க்கிறதுக்கு பத்து பேர்கூட இல்லை. ஒரு பவுலர், வயசு நாற்பது இருக்கும், மிடில் ஸ்டம்பைப் பிடுங்கிட்டு ரெண்டு கையையும் விரிச்சு ஓடுறார். அந்தப் படத்தை வாட்ஸ்அப்ல அனுப்பினார். ரெண்டு மாசம் கழிச்சு அந்த பவுலர் வீட்டுக்குக் காபி குடிக்கப் போனா, ஹால்ல கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்துல அதைப் பெருசா மாட்டியிருக்கார். "இருபது வருஷமா ஆடறேன் தம்பி. நான் ஆடினதுக்கு இது ஒண்ணுதான் சாட்சி"ன்னாராம்.

ஆபீஸ்ல இந்த மாதிரி ஒரு வார்த்தை கேட்டு எத்தனை நாளாச்சு? அதனால "எதுக்குப்பா இந்த வேலை"ன்னு நான் கேட்கப் போறதில்லை. இந்த சந்தோஷம் உண்மையானது. அதுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்கிறதுதான் கேள்வி.

லென்ஸ் ஏன் இவ்வளவு விலை?

இதைப் புரிஞ்சுக்கிட்டாதான் பணம் எங்கே மாட்டிக்குதுன்னு தெரியும்.

140 கிலோமீட்டர் வேகத்துல வர்ற பந்து ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 39 மீட்டர் போகும். ஷட்டர் ஸ்பீடு 125-ல ஒரு பங்கா இருந்தா, ஷட்டர் திறந்து மூடறதுக்குள்ள பந்து 31 சென்டிமீட்டர் நகர்ந்துடும். படத்துல பந்து இருக்காது, ஒரு கோடுதான் இருக்கும். ஆயிரத்துல ஒரு பங்கு வெச்சா 4 சென்டிமீட்டர் கூட நகராது. ஆனா ஷட்டர் அவ்வளவு சீக்கிரம் மூடும்போது உள்ளே வர்ற வெளிச்சமும் எட்டுல ஒரு பங்கா குறைஞ்சுடும். ஃபிளட் லைட் வெளிச்சத்துல இது பெரிய பிரச்சினை. அதனால வெளிச்சத்தை அள்ளிக் குடிக்கிற பெரிய கண்ணாடி வேணும்.

கிரிக்கெட்ல பவுண்டரிக்கு வெளியே உட்கார்ந்து, அறுபது எழுபது மீட்டர் தள்ளி இருக்கிற ஆட்டக்காரரை எடுக்கணும். அதுக்கு 400 எம்எம், எஃப் 2.8 லென்ஸ். 400-ஐ 2.8-ஆல வகுத்துப் பாருங்க: 143. அதாவது முன்பக்கக் கண்ணாடி 14 சென்டிமீட்டருக்கு மேல அகலம் வேணும். ஒரு டிபன் தட்டு அளவுக்கு, துளி குறையில்லாம செஞ்ச கண்ணாடி. புதுசு 10 லட்சத்துக்கு மேல போகும். எடை கிட்டத்தட்ட 3 கிலோ. மோனோபாட்ல நிறுத்தி வெச்சு எடுக்கிறதுக்குக் காரணம் அதுதான்.

இதுல முக்கியமான விஷயம்: இந்த லென்ஸ் தூரத்துல உட்கார்ந்து, ராத்திரி வெளிச்சத்துல எடுக்கிறதுக்கானது. ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல டிராக் ஓரமா நின்னு எடுக்க 70-200 லென்ஸே போதும். இதைக் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்கோங்க, பின்னாடி வர்றேன்.

வேலை எப்படி இருக்கும்?

மேட்ச் மூணு மணின்னா ஒரு மணிக்கே போய் இடம் பிடிக்கணும். வெயில் எந்தப் பக்கம் இறங்கும், பேட்ஸ்மேன் முகம் எந்தப் பக்கம் தெரியும்னு பார்த்து உட்காரணும். ஆட்டம் முடிஞ்சதும் வேலை முடியாது. எடுத்த ரெண்டாயிரம் படத்துல நாற்பதைப் பொறுக்கணும், கிராப் பண்ணணும், யார் யாருன்னு பேர் எழுதணும். செய்தி நிறுவனத்துக்கு எடுக்கிறவங்கன்னா ஆட்டம் நடக்கும்போதே கேமராவிலிருந்து நேரா அனுப்பணும். பத்து நிமிஷம் லேட்டான படத்தை யாரும் வாங்க மாட்டாங்க.

இவ்வளவுக்கும் பிறகு அதிர்ஷ்டம்னு ஒண்ணு இருக்கு. 1965-ல அமெரிக்காவுல லூயிஸ்டன் ஊர்ல முகமது அலி, சோனி லிஸ்டன் குத்துச்சண்டை. முதல் ரவுண்டுலயே லிஸ்டன் விழுந்துட்டார். விழுந்து கிடக்கிறவர் மேல நின்னு அலி கையை மடக்கிக் கத்துற அந்தப் படத்தை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. எடுத்தவர் நீல் லைஃபர், அப்ப வயசு 22. அந்தப் படத்துல அலியோட ரெண்டு காலுக்கு நடுவுல, ரிங்குக்கு எதிர்ப்பக்கம் ஒரு போட்டோகிராபர் தெரிவார். அவர் ஹெர்ப் ஷார்ஃப்மன். அதே பத்திரிகை, லைஃபரைவிட சீனியர். அவருக்குக் கிடைச்சது அலியோட முதுகு. திறமையில குறை இல்லை, உட்கார்ந்த பக்கம் வேற, அவ்வளவுதான்.

மாசச் சம்பளக்காரருக்கு இப்படி ஒரு நாள் வந்தாலும் ஒண்ணாம் தேதி சம்பளம் வரும். ஷார்ஃப்மனுக்கும் பின்னாடி ஒரு பத்திரிகை இருந்தது. ஃப்ரீலான்ஸருக்கு அது இல்லை.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த ரெண்டு பேரும் எடுத்துக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட் பத்திரிகை, கிட்டத்தட்ட 50 வருஷம் கழிச்சு, 2015 ஜனவரியில தன்கிட்ட மிச்சம் இருந்த 6 ஸ்டாஃப் போட்டோகிராபர்களையும் வேலையைவிட்டு அனுப்பிடுச்சு. உலகத்துலயே விளையாட்டுப் படத்துக்குப் பேர்போன பத்திரிகை அது! அங்கேயே மாசச் சம்பளப் போட்டோகிராபர் வேலை இல்லாம போச்சுன்னா, இந்தத் தொழில் எந்தப் பக்கம் போகுதுன்னு புரியும்.

பணம் எங்கேர்ந்து வருது?

"ஐபிஎல்ல எடுத்தா செமையா வருமே"ன்னு எல்லாரும் கேட்பாங்க. டிக்கெட் வாங்கிட்டு அந்த சைஸ் கேமராவோட உள்ளே போக முடியாது. பவுண்டரி ஓரம் உட்கார அக்ரெடிடேஷன் வேணும். அது பெரும்பாலும் செய்தி நிறுவனங்கள், அமைப்பாளர்கள், டீம்கள் வழியாத்தான் கிடைக்கும். 2012-ல இங்கிலாந்து டீம் இங்கே வந்தப்ப, கெட்டி இமேஜஸ் மாதிரி பெரிய போட்டோ ஏஜென்சிக்கே பிசிசிஐ அனுமதி கொடுக்கலை. அதைக் கண்டிச்சு ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி மூணும் படம் எடுக்க மாட்டோம்னு ஒதுங்கிட்டாங்க. அவ்வளவு பெரிய ஆளுங்களுக்கே அந்தக் கதின்னா, தனியாளா போறவர் வாசல்லயே எவ்வளவு நேரம் நிக்கணும்னு யோசிங்க.

நடைமுறையில தம்பிக்குக் காசு வந்தது நாலு இடத்துலேர்ந்து: கார்ப்பரேட் கிரிக்கெட் டோர்னமென்ட், ஸ்கூல் மற்றும் காலேஜ் ஸ்போர்ட்ஸ் டே, ஞாயிற்றுக்கிழமை மாரத்தான், அகாடமிகள் கேட்கிற வெப்சைட் படங்கள். டிவியில பார்க்கிற மேட்ச் எதுவும் இந்த லிஸ்ட்ல இல்லைங்கிறதைக் கவனிங்க.

முதல் வருஷக் கணக்கு

இவை அவர் டைரியிலிருந்து எடுத்த நம்பர்கள். கூட்ட வசதியா கொஞ்சம் முழுசாக்கியிருக்கேன்.

வேலையை விடும்போது கைக்கு வந்த சம்பளம் மாசம் 55,000. ஒரு நாள் ஷூட்டுக்கு அவர் வாங்கினது 6,000. "மாசம் பத்து நாள் போனா அறுபதாயிரம், சம்பளத்தைவிட அதிகம்." இதுதான் அவர் மனசுல போட்ட கணக்கு. நம்மள்ல பல பேர் மனசுல போடற கணக்கும் இதுதான்.

ஆனா வருஷத்துல 12 மாசமும் ஒரே மாதிரி இல்லை. ஜனவரியில 13 நாள் வேலை வந்தது. நவம்பர்ல 2 நாள், வடகிழக்குப் பருவமழையில மைதானம் முழுக்க தண்ணி. ஏப்ரல், மே ரெண்டும் பரீட்சை, லீவு, வெயில்னு போச்சு. மொத்தம் கூட்டினா காசு வந்த நாள் 75.

வரவு: 75 நாள், நாளுக்கு 6,000, மொத்தம் 4,50,000
லோன் இஎம்ஐ: மாசம் 20,500 வீதம் 2,46,000
போக்குவரத்து, சாப்பாடு: 37,500
ஹார்ட் டிஸ்க், கார்டு, சர்வீஸ், கேமரா இன்ஷூரன்ஸ்: 40,000
சொந்த ஹெல்த் இன்ஷூரன்ஸ்: 15,000
கையில நின்னது: 1,11,500

12-ஆல வகுத்தா மாசம் 9,300 ரூபாய்.

6 லட்சம் லோன், 14 சதவீத வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ 20,500 வரும். அந்த வருஷ இஎம்ஐயை வேலை வந்த 75 நாளால வகுத்துப் பாருங்க: 3,280. அதாவது ஒவ்வொரு நாளும் வெயில்ல நின்னு வாங்கின 6,000-ல பாதிக்கு மேல பேங்க்குக்குப் போயிருக்கு.

இது போதாதுன்னு பேமென்ட் லேட். ஷூட் முடிச்சு பில் கொடுத்தா 45 நாள், சில இடத்துல 90 நாள். இஎம்ஐ மட்டும் அஞ்சாம் தேதி தவறாம வரும். ரெண்டு மாசம் கிரெடிட் கார்டுல புரட்டினார். அதுல வட்டி மாசத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல. அப்புறம் பிஎஃப் பணத்தை எடுத்தார். நாலு வருஷம்தான் சர்வீஸ். அஞ்சு வருஷத் தொடர் சர்வீஸ் முடியறதுக்கு முன்னாடி பிஎஃப் எடுத்தா அதுக்கு வரியும் உண்டுன்னு அவருக்குத் தெரியலை.

அடுத்த வருஷம் ஜூலையோட 14 இஎம்ஐ கட்டி முடிச்சிருந்தார். லோன்ல மிச்சம் கிட்டத்தட்ட 3,96,000. லென்ஸை வித்தார், கிடைச்சது 3,40,000. இடிச்ச 56,000-க்கும், முன்கூட்டியே லோனை அடைக்கிற கட்டணத்துக்கும் அம்மாவோட வளையலை அடகு வெச்சார். அதை மீட்டது போன தீபாவளிக்குத்தான்.

"லென்ஸை வித்தது கூட வலிக்கலைண்ணா. அம்மா வெறுங்கையோட ஒரு கல்யாணத்துக்குப் போனாங்க பாருங்க, அதைத்தான் மறக்க முடியலை"ன்னார்.

எங்கே தப்பு நடந்தது?

டைரியை வெச்சு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இந்த 75 நாள்ல, அந்தப் பெரிய லென்ஸ் இல்லாம முடியவே முடியாதுங்கிற நாள் எத்தனை?"

ஒவ்வொரு பக்கமா புரட்டி டிக் போட்டார். 12.

மிச்சம் 63 நாளுக்கு அவர்கிட்ட முன்னாடியே இருந்த 70-200 போதும். மாரத்தான்ல ஓடுறவங்க உங்களை நோக்கித்தானே வர்றாங்க, எதுக்கு 400?

இப்ப வாடகைக் கணக்குக்கு வருவோம். சென்னையில கேமரா, லென்ஸ் வாடகைக்குக் கொடுக்கிற கடைகள் நிறைய இருக்கு. அந்த லென்ஸுக்கு அவர் இப்ப கொடுக்கிற வாடகை ஒரு நாளைக்கு 3,000. 12 நாளுக்கு 36,000.

சொந்தமா வெச்சிருந்தா என்ன ஆகும்? 4,50,000-க்கு வாங்கி, 3 வருஷம் கழிச்சு 3,00,000-க்கு வித்தா நஷ்டம் 1,50,000. அந்த லோன்ல லென்ஸ் பங்குக்கான வட்டி 1,03,500. ஆக 3 வருஷத்துக்கு 2,53,500, வருஷத்துக்கு 84,500. இதை 3,000-ஆல வகுத்தா 28 நாள். அதாவது வருஷத்துல 28 நாளுக்கு மேல அந்த லென்ஸ் வேலை செஞ்சாதான் வாங்கறது லாபம். அதுக்குக் கம்மின்னா வாடகைதான் லாபம்.

எந்தப் பொருளுக்கும் இந்த வழியில கணக்குப் போடலாம். வாங்கற விலையிலேர்ந்து பின்னாடி விக்கிற விலையைக் கழிங்க, வட்டியைக் கூட்டுங்க, வருஷத்தால வகுங்க, ஒரு நாள் வாடகையால வகுங்க. வர்ற நம்பர்தான் வருஷத்துக்கு எத்தனை நாள் தேவைப்பட்டா வாங்கலாம்கிறதுக்கான எல்லை. பேக்கரி ஓவனுக்கும் இதேதான், டிரோனுக்கும் இதேதான்.

இப்ப என்ன பண்றார்?

வேலைக்குத் திரும்பினவர் மாசம் ரெண்டு ஞாயிறு மட்டும் ஷூட் எடுக்கிறார். வருஷத்துக்கு 24 நாள்.

வரவு: 1,44,000
போக்குவரத்து, சாப்பாடு: 12,000
லென்ஸ் வாடகை, 6 நாள்: 18,000
கார்டு, சர்வீஸ், இன்ஷூரன்ஸ்: 20,000
மிச்சம்: 94,000

மேல இருக்கிற கணக்கோட ஒப்பிட்டுப் பாருங்க. முழு நேரமா 75 நாள் ஓடினப்ப வருஷக் கடைசியில கையில நின்னது 1,11,500. இப்ப 24 நாள்ல 94,000. வித்தியாசம் 17,500 ரூபாய்தான், அதுவும் சம்பளம் அப்படியே வந்துக்கிட்டிருக்கும்போது! ரெண்டுமே வரிக்கு முந்தின கணக்கு. இந்த நம்பரைப் பார்த்ததும் அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

வேலையில இருந்துக்கிட்டே ஆரம்பிக்கிறவங்களுக்கு

1. அப்பாயின்ட்மென்ட் லெட்டரைப் படிங்க. வெளி வேலை செய்யக்கூடாதுன்னு பல கம்பெனிகள் எழுதியிருப்பாங்க. ஹெச்ஆர்கிட்ட மெயில்ல அனுமதி வாங்கி வெச்சுக்கோங்க, வாய்வார்த்தை வேணாம்.

2. தனி பேங்க் அக்கவுன்ட். போட்டோவுல வர்ற காசும், அதுக்கு ஆகிற செலவும் அதுக்குள்ளேயே நடக்கட்டும். ஆறு மாசத்துல உண்மை தெரிஞ்சுடும். சம்பள அக்கவுன்ட்லயே கலந்தா எது லாபம் எது நஷ்டம்னு கண்டுபிடிக்கவே முடியாது.

3. அட்வான்ஸ் பாதி. ஷூட்டுக்கு முன்னாடி 50 சதவீதம், மிச்சம் முழுப் படங்களைக் கொடுக்கும்போது. முதல்ல சின்ன சைஸ்ல, வாட்டர்மார்க் போட்டுக் காட்டுங்க. இதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் தம்பி 90 நாள் காத்திருந்தார்.

4. காப்புரிமையை ஒரு வரியில எழுதுங்க. நம்ம 1957 காப்புரிமைச் சட்டப்படி, ஒருத்தர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா அவர்தான் முதல் உரிமையாளர். எடுத்தது நீங்களா இருந்தாலும் சரி. அதனால கொட்டேஷன் மெயில்லயே "காப்புரிமை போட்டோகிராபரிடம் இருக்கும், இன்னின்ன உபயோகத்துக்கு உங்களுக்கு அனுமதி"ன்னு எழுதி, அவங்க ஓகே சொன்ன பதிலைப் பத்திரமா வையுங்க. போட்டோவோட காப்புரிமை எடுத்தவரோட வாழ்நாள் முழுக்கவும், அவர் காலத்துக்குப் பின்னாடி 60 வருஷம் வரைக்கும் இருக்கும். இன்னைக்கு ஸ்கூல்ல ஓடுற பொண்ணு நாளைக்கு இந்தியாவுக்கு ஓடலாம், அப்ப இந்தப் படத்தோட மதிப்பே வேற.

5. வரியை மறக்காதீங்க. சில கம்பெனிகள் டிடிஎஸ் பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுப்பாங்க, அது உங்க ஏஐஎஸ்ல தெரியும். இந்த வருமானம் தொழில் வருமானம்கிறதால நீங்க வழக்கமா போடற ஐடிஆர்-1 சரிப்படாது. டிடிஎஸ் போக கட்ட வேண்டிய வரி வருஷத்துக்கு 10,000 தாண்டினா அட்வான்ஸ் டாக்ஸ் உண்டு. செலவு பில் எல்லாத்தையும் எடுத்து வெச்சு, ஒரு தடவை ஆடிட்டரைப் பாருங்க. சேவைத் தொழில்ல வருஷ வரவு 20 லட்சம் தாண்டற வரைக்கும் பொதுவா ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது.

6. கேமராவுக்கு இன்ஷூரன்ஸ். எடுக்கும்போதே கேளுங்க: மழை, பந்து பட்டு உடையறது, ரயில்ல திருட்டு, வாடகைக்கு எடுத்த பொருள். இதுல எதெல்லாம் கவர் ஆகும்னு எழுத்துல வாங்குங்க.

7. உங்க உடம்பையும் கணக்குல சேருங்க. ஒரு நாள் ஷூட்டுக்குப் பின்னாடி குறைஞ்சது அரை நாள் எடிட்டிங் இருக்கு. வாரம் அஞ்சு நாள் ஆபீஸ், ஞாயிறு வெயில்ல எட்டு மணி நேரம்னா திங்கட்கிழமை எப்படி இருக்கும்? மாசம் ரெண்டு ஞாயிறுதான்னு தம்பி நிறுத்திக்கிட்டதுக்குக் காரணம் இதுதான்.

அப்ப வேலையை விடவே கூடாதா?

விடலாம். ஆனா நாலு விஷயம் கையில இருக்கட்டும். ஒண்ணு, மழை மாசத்தையும் சேர்த்து முழுசா 12 மாசம் சைடு வருமானத்தைப் பதிவு பண்ணியிருக்கணும். நல்ல மாசத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீங்க. ரெண்டு, செலவு போக அந்த வருமானம் வீட்டுச் செலவுல முக்கால் பங்கையாவது தாங்கணும். மூணு, 9 மாச வீட்டுச் செலவு அவசர நிதியா பேங்க்ல இருக்கணும். சம்பளக்காரங்களுக்கு 6 மாசம்னு சொல்வோம், இங்கே பேமென்ட்டே 90 நாள் லேட்டாகிறதால 9. நாலு, குடும்பத்துக்கு சொந்த ஹெல்த் இன்ஷூரன்ஸ், தலைமேல இஎம்ஐ இல்லாத நிலைமை. ஆபீஸ் கொடுக்கிற ஹெல்த் கவர் நீங்க வேலையை விட்டதும் போயிடும்கிறதை மறந்துடாதீங்க.

இதெல்லாம் நம்ம சேனல்ல நாங்க சொல்ற பொதுவான அளவுகோல். உங்க வீட்டு நிலைமைக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்கோங்க.

போன ஞாயிறு அவரோட ஒரு ஸ்கூல் அத்லெடிக் மீட்டுக்குப் போயிருந்தேன். 200 மீட்டர் ஃபைனல். வாடகை லென்ஸ் எதுவும் இல்லை, பழைய 70-200 மட்டும். ஃபினிஷிங் லைன்ல தரையோட தரையா படுத்துக்கிட்டார். ஜெயிச்ச பொண்ணு கோட்டைத் தாண்டினதும் திரும்பி அவங்க அம்மாவைத் தேடினா பாருங்க, அந்த முகத்தைப் பிடிச்சுட்டார். கேமரா ஸ்கிரீன்ல அதைப் பார்த்த அந்த அம்மா, "இதைப் பெருசா போட்டுத் தர முடியுமா தம்பி, எவ்வளவு ஆகும்?"னு கேட்டாங்க.

முன்னாடி மாதிரி "பரவாயில்லைம்மா, சும்மா வெச்சுக்கோங்க"ன்னு சொல்லலை. "எட்டுக்கு பன்னிரண்டு சைஸ், ஃப்ரேமோட 600 ரூபாய்ம்மா"ன்னார். அந்த அம்மா சந்தோஷமா ஜிபே பண்ணாங்க. எனக்கு அதுதான் அன்னைக்கு எடுத்ததுலயே நல்ல படம்.

உங்ககிட்டயும் இப்படி ஒரு ஆசை இருந்தா, அந்த 28 நாள் கணக்கை உங்க பொருளுக்குப் போட்டுப் பார்த்து, வந்த நம்பரைக் கமென்ட்ல சொல்லுங்க. இதே கணக்கைப் படிப்படியா வீடியோவாவும் போட்டிருக்கோம், பார்த்துட்டு பேப்பர் போடற யோசனையில இருக்கிற உங்க நண்பருக்கு அனுப்பி வையுங்க.